நகரும் ஆப்பும் நகராத சூத்திரமும்

பௌதிக வகுப்பில் ஆப்பையும் கட்டையையும் அறியாத மாணவர் இரார். மேசையின் மேல் ஓர் ஆப்பு. அதன் சரிவில் ஒரு கட்டை. ‘உராய்வு இல்லை எனக் கொள்க’ என்னும் ஒரு தொடர். அவ்வளவில் ஆசிரியர் கட்டையின் எடையை இரு கூறாக்கி விடுகிறார். சரிவின் வழியே உள்ள கூறு, எடையைச் சாய்கோணத்தின் சைனால் பெருக்க வருவது. சரிவுக்குச் செங்கோணமாக உள்ள கூறு, எடையைக் கொசைனால் பெருக்க வருவது. பின்னதை ஆப்பின் முகம் தாங்குகிறது. ஆதலின் ஆப்பு கட்டையைத் தள்ளும் விசையும் அவ்வளவே. இங்ஙனம் பாடம் இரண்டு வரிகளில் முடிந்து விடுகிறது. மாணவர் அந்தக் கொசைனை மந்திரம்போல் மனத்திற் பதித்துக்கொண்டு தேர்வுக்குச் செல்கின்றனர்.

அந்த இரண்டாவது வரி பொதுவிதி அன்று. ஆப்பு ஆணியடித்தாற்போல் அசையாது நிற்கும்போது மட்டுமே அது உண்மை. மேசையும் வழுவழுப்பாக இருந்து, ஆப்பும் தன் விருப்பம்போல் நகரலாம் என்று விட்டுவிட்டால், தள்ளுவிசையின் அளவு மாறுகிறது. கட்டையின் பாதை மாறுகிறது. அது தரையை அடையும் நேரமும் மாறுகிறது. பெரும்பாலான வகுப்புகளில் இவ்விரண்டாம் நிலை பேசப்படுவதே இல்லை. அது நுழைவுத் தேர்வுக்குப் பயில்வோருக்குரிய கடுங்கணக்கு என்று ஒதுக்கப்படுகிறது. அவ்வாறு ஒதுக்குவது தவறு. அசையா ஆப்பை மட்டும் கற்ற மாணவர், விசை என்பது சூழ்நிலையால் தீர்மானிக்கப்படுவது என்பதை அறியாமல், அது ஒரு சூத்திரத்தால் தீர்மானிக்கப்படுவது என்று நம்பிவிடுகிறார். இந்நம்பிக்கை வேரூன்றிய பின்னர் அதனைக் களைவது எளிதன்று.

கணக்கு அத்துணைக் கடினமானதா என்பதை முதலிற் பார்க்கலாம். ஆப்பின் பொருண்மை 3 கிலோகிராம், கட்டையின் பொருண்மை 4 கிலோகிராம், சாய்கோணம் 30 பாகை என்க. எங்கும் உராய்வு இல்லை. கட்டை வலப்புறமாகச் சரிகிறது. ஆப்பு இடப்புறமாகப் பின்வாங்குகிறது. இவ்விரண்டையும் சேர்த்து ஒரு தொகுதியாகக் கொண்டால், அதன்மீது வெளியிலிருந்து கிடைத்திசையில் எவ்விசையும் தாக்குவதில்லை. புவியீர்ப்பும் தரையின் தாங்குவிசையும் நிலைக்குத்தானவை. எனவே தொகுதியின் பொருண்மை மையம் கிடைத்திசையில் இடம் பெயராது. கட்டை 3 பங்கு வலப்புறம் சென்றால் ஆப்பு 4 பங்கு இடப்புறம் செல்ல வேண்டும். ஆப்பின்மேல் நின்று பார்ப்பவருக்குக் கட்டை கிடையாக 7 பங்கு சென்றதாகத் தோன்றும். கட்டை சரிவை விட்டு எழவும் இயலாது, அதனுள் புகவும் இயலாது, ஆகவே அது இறங்கும் ஆழம், 7 பங்கை 30 பாகையின் டேன்சண்டால் பெருக்க வருவது, ஏறத்தாழ 4.04 பங்கு.

இடப்பெயர்ச்சிக்கு உள்ள இவ்விகிதமே முடுக்கத்திற்கும் உண்டு. ஒரு பங்கு முடுக்கத்தின் அளவு இன்னும் தெரியாது; அதனைக் காண்பதே எஞ்சிய வேலை. ஆப்பை இடப்புறம் தள்ளுவது கட்டை அதன்மீது செலுத்தும் விசையின் கிடைக்கூறு. 30 பாகையில் அது முழுவிசையிற் சரிபாதி. ஆப்பின் பொருண்மை 3, முடுக்கம் 4 பங்கு. ஆகவே கிடைக்கூறு 12 பங்கு, முழுவிசை 24 பங்கு. இனிக் கட்டையை நிலைக்குத்துத் திசையில் நோக்குக. அதன் எடை 39.2 நியூட்டன். அதிலிருந்து 24 பங்கின் மேல்நோக்கிய கூறாகிய 20.78 பங்கைக் கழித்தால் மிஞ்சுவது, பொருண்மையாகிய 4-ஐ 4.04 பங்கால் பெருக்க வரும் 16.17 பங்கு. ஆகவே 39.2 என்பது 36.95 பங்கு, ஒரு பங்கு 1.061. அவ்வளவுதான் கணக்கு. வகைநுண்கணிதமும் வேண்டுவதில்லை, ஒருங்கமை சமன்பாடுகளின் வரிசையும் வேண்டுவதில்லை. பதினொன்றாம் வகுப்பு மாணவர் ஒருவர் தம் குறிப்பேட்டின் அரைப்பக்கத்தில் செய்து முடிக்கலாம்.

விடைகளே சிந்தனைக்குரியவை. ஆப்பு கட்டையைத் தள்ளும் விசை 25.5 நியூட்டன். பாடநூல் சூத்திரம் தரும் மதிப்பு 33.9 நியூட்டன். உண்மையான விசை அதில் முக்கால் பங்கே. ஆப்பு பின்வாங்குவதால், கட்டை அதன்மீது முழுமையாக அழுந்த வாய்ப்பில்லை. இதுவரை மாணவர் ஒருவாறு ஊகிக்கவும் கூடும். அடுத்த வினாவில்தான் பலரும் தடுமாறுவர்: கட்டை தரையை விரைவில் அடைவது எப்போது? ஆப்பு நின்றபோதா, நகரும்போதா? ஆற்றலிற் சிறிது ஆப்புக்குச் சென்றுவிடுவதால் கட்டை மெதுவாகவே இறங்கும் என்று நல்ல மாணவர்களும் விடையளிப்பர். உண்மை அதற்கு மாறானது. ஆப்பின் அடி 70 சென்டிமீட்டர் நீளமானால், நிலைத்த ஆப்பில் கட்டை இறங்க 0.57 வினாடி ஆகிறது. நகரும் ஆப்பில் 0.43 வினாடி போதும். ஆப்பு தன் காலடியிலிருந்து விலகிச் செல்வதால் கட்டை செங்குத்தாக விழுவதற்குச் சற்று நெருங்கி வருகிறது. தரையில் நிற்பவர் காணும் பாதை 30 பாகைச் சரிவு அன்று. 53 பாகைக்கும் சற்று மிகுந்த சரிவுடைய ஒரு நேர்கோடு. 70 சென்டிமீட்டர் அடியில் கட்டை முன்னோக்கிச் செல்வது 30 சென்டிமீட்டர் மட்டுமே. ஆப்பு பின்னோக்கிச் செல்வது 40 சென்டிமீட்டர்.

ஆற்றலைப் பற்றிய ஐயமும் பொருளற்றதன்று. கட்டை இழந்த நிலையாற்றலில் 28-இல் 9 பங்கு, அஃதாவது மூன்றில் ஒரு பங்கிற்குச் சற்றுக் குறைய, ஆப்பின் இயக்க ஆற்றலாகிறது. இதனை ஆப்புக்கு வழங்கியது எது? உராய்வு இல்லை, கயிறு இல்லை, தொடுமுகத்தின் தள்ளுவிசை ஒன்றே உள்ளது. ஆனால் ‘பரப்பின் செங்குத்து விசை வேலை செய்வதில்லை’ என்று மாணவர் முன்பே மனப்பாடம் செய்திருப்பர். அதுவும் நிலைத்த ஆப்புக்கே உரிய கூற்று. நகரும் ஆப்பில் கட்டையின் பாதை சரிவின் வழியே அமையாததால், விசைக்கும் பாதைக்கும் இடைப்பட்ட கோணம் செங்கோணமாக இருப்பதில்லை. விசை கட்டையினின்று வேலையைப் பறித்து ஆப்புக்கு வழங்குகிறது. ஒரே கணக்கு, மாணவர் மனத்தில் இருந்த இரண்டு தவறான பொதுமைகளை ஒருசேர உடைத்து விடுகிறது. பாடத்திட்டத்தில் இத்துணை பயனுள்ள கணக்குகள் மிகுதியாக இல்லை.

இன்னும் ஒரு படி செல்லலாம். ஆப்பை ஒருவர் கையால் பிடித்து, கட்டையை நோக்கி வினாடிக்கு வினாடி 5.66 மீட்டர் முடுக்கத்துடன் தள்ளிச் சென்றால், கட்டை சரியாமல் சரிவில் அதே இடத்தில் நிற்கும். அப்போது தள்ளுவிசை எடையைவிடவும் மிகுந்து, 45 நியூட்டனைத் தாண்டுகிறது. இதற்கு மாறாக ஆப்பை எதிர்ப்புறமாக வினாடிக்கு வினாடி 17 மீட்டர் முடுக்கத்துடன் இழுத்தால் கட்டை ஆப்பைத் தொட்டும் தொடாமலும் நேர்கீழே விழும்; விசை சுழியம். ஆக, அதே கட்டை, அதே ஆப்பு, அதே கோணம். விசையோ சுழியத்திலிருந்து எடையை மிஞ்சிய அளவு வரை எதுவாகவும் இருக்கலாம். கொசைன் சூத்திரம் இவ்வரிசையில் ஒரு புள்ளி. ஆப்பின் பொருண்மை அளவின்றிப் பெருகும்போது கிட்டும் எல்லையும் அதுவே. மலைச்சரிவில் உருளும் பாறைக்கு அச்சூத்திரம் பொருந்துவது, மலை புவியோடு ஒன்றிய ஆப்பாக இருப்பதால்தான்.

நிற்க. இக்குழப்பத்திற்குக் கலைச்சொல்லும் ஒரு காரணம் என்பதை மறைத்தற்கில்லை. பரப்பு தள்ளும் விசைக்குத் தமிழில் ‘செங்குத்து விசை’ என்றும் ‘செங்குத்து எதிர்வினை’ என்றும் இரு பெயர்கள் வழங்கி வருகின்றன. கணித நூல்களில் செங்குத்து என்பது ஒன்றுக்கு மற்றொன்று செங்கோணமாக இருப்பது. வானை நோக்கிய திசைக்கு நிலைக்குத்து என்ற சொல் தனியே உண்டு. ஆனால் மக்கள் வழக்கில் செங்குத்தான மலை என்றால் நிமிர்ந்து நிற்கும் மலை. வீட்டில் கேட்ட பொருளோடு வகுப்பிற்கு வரும் சிறுவன், சரிவின்மேல் உள்ள கட்டைக்குச் ‘செங்குத்து விசை’ வரைக என்றதும் அம்பை நேரே வானை நோக்கி வரைகிறான். ஆசிரியர் அதனைக் கவனக்குறைவு என்று சிவப்பு மையால் அடிக்கிறார். குறை மாணவனுடையது அன்று, சொல்லினுடையது.

‘எதிர்வினை’ விளைக்கும் தீங்கு இதனினும் பெரிது. நியூட்டன் 1687-இல் வெளியிட்ட நூலின் மூன்றாம் விதியிலும் அதே சொல் ஆளப்படுவதால், ஆப்பின் தள்ளுவிசை கட்டையின் எடைக்கு எதிர்வினை என்று மாணவர் முடிவு கட்டுகின்றனர். எடைக்கு எதிர்வினை, கட்டை புவியை மேல்நோக்கி ஈர்க்கும் விசையே. ஆப்பின் தள்ளுவிசைக்கு இணை, கட்டை ஆப்பைத் தள்ளும் விசை. இவ்விரு இணைகளும் வெவ்வேறானவை. எடைக்கு எதிர்வினை என்று ஒருமுறை எண்ணிவிட்டால், எடை மாறாதவரை தள்ளுவிசையும் மாறாது என்ற முடிவு தானே தொடரும். நகரும் ஆப்பு அதனோடு முரண்பட்டு நிற்கும்.

ஆங்கிலத்தில் ‘நார்மல்’ என்று வழங்கும் சொல், இலத்தீனில் தச்சரின் மூலைமட்டத்தைக் குறித்த ‘நோர்மா’ என்பதிலிருந்து பிறந்தது. இவ்விடத்தில் தமிழாசிரியருக்கு ஒரு நற்பேறு உண்டு. நம் கொத்தனாரின் பையில் தூக்குக்குண்டும் இருக்கிறது, மூலைமட்டமும் இருக்கிறது. தூக்குக்குண்டு காட்டுவது நிலைக்குத்து. சுவர் சாய்ந்தாலும் தளம் சாய்ந்தாலும் அது மாறாது. மூலைமட்டம் காட்டுவது தளத்திற்குச் செங்கோணம். தளம் சாய்ந்தால் அதுவும் சாயும். எடை தூக்குக்குண்டின் வழி. பரப்பின் விசை மூலைமட்டத்தின் வழி. இவ்விரு கருவிகளையும் சாய்பலகையின்மேல் வைத்து ஒருமுறை காட்டினால் போதும். கரும்பலகையில் பத்துப் படங்கள் வரைய வேண்டுவதில்லை. பெயரைப் பொறுத்தவரை, ‘செங்கோண விசை’ என்பது குற்றமற்றது. அறிவியல், தொழில்நுட்பக் கலைச்சொற்களுக்கென மத்திய அரசு 1961-இல் தனி ஆணையம் அமைத்த நாட்டில், ஒரு சொல்லை மாற்றுவது இயலாத செயல் அன்று. மாற்றும் வரை ஆசிரியர்கள் ‘எதிர்வினை’ என்ற ஒட்டையேனும் விட்டுவிடலாம்.

நகரும் ஆப்பை வகுப்பிற்குக் கொணர்வதை மறுப்போர் கூறும் காரணங்களில் ஒன்று மதிக்கத்தக்கது. உராய்வற்ற பரப்பு உலகில் இல்லை. இல்லாத ஒன்றைப் பற்றிய கணக்கை மேலும் சிக்கலாக்குவானேன் என்று அவர்கள் கேட்கின்றனர். சாய்தளத்தின் வரலாறே இதற்கு விடை கூறும். 1586-இல் சைமன் ஸ்டெவின் என்ற பிளெமியப் பொறியாளர், ஒரு பக்கம் மற்றதைப்போல் இருமடங்கு நீளமுள்ள முக்கோணப் பட்டகத்தின்மேல் பதினான்கு குண்டுகள் கோத்த மாலையைத் தொங்கவிட்டதாகக் கற்பித்தார். மாலை தானே சுழலத் தொடங்கினால் அது ஓயாது சுழல வேண்டும், அது நடவாது, ஆகவே இரு பக்கமும் சமன் செய்கின்றன. இவ்வொரு வாதத்தால், எந்த அளவீடும் இன்றி, சாய்தளத்தின் விதியை அவர் நிலைநாட்டினார். உராய்வு இருப்பின் அவ்வாதம் ஒன்றையும் மெய்ப்பிக்காது. உராய்வினாலேயே மாலை நின்றிருக்கலாம். உராய்வை மனத்தால் அகற்றியதே அவருடைய வெற்றி.

கலிலியோ அளந்து பார்த்தவர். 1638-இல் லைடன் நகரில் அச்சான நூலில் அவர் தம் சோதனையை விளக்குகிறார். ஏறத்தாழ பன்னிரண்டு முழ நீளமுள்ள மரச்சட்டம். அதில் விரலகல நேர்க்காடி. காடியின் உட்புறம் வழுவழுப்பான தோற்காகிதம். உருட்டிவிட நன்கு மெருகேற்றிய வெண்கலக் குண்டு. நேரத்தை அறிய, பெரிய கலத்திலிருந்து மெல்லிய குழாய்வழி வழியும் நீரை ஏந்தி எடைபோடும் ஏற்பாடு. நூறு முறை செய்ததாக அவர் எழுதியுள்ளார். குண்டு உருண்டது, சறுக்கவில்லை என்பது ஈண்டுக் கருதத்தக்கது. தட்டையான தளத்தில் உருளும் திண்குண்டின் முடுக்கம், உராய்வற்றுச் சறுக்கும் கட்டையினுடையதில் ஏழில் ஐந்து பங்கே. காலத்தின் வர்க்கத்திற்கு ஏற்பத் தொலைவு பெருகும் என்ற முடிவு அதனால் கெடவில்லை. ஆனால் கலிலியோவின் குண்டையும் பாடநூலின் கட்டையையும் ஒன்றாக வரையும் நூல்கள், உராய்வற்ற தளம் என்றால் என்ன என்பதை மாணவருக்கு மறைத்து விடுகின்றன. உராய்வு அறவே இல்லாவிடில் குண்டு உருளாது. கட்டையைப் போலவே சறுக்கிச் செல்லும்.

ஆப்பு நகர்வது வெறும் கரும்பலகைச் செய்தி அன்று என்பதைக் களப்பணியாளர் நன்கு அறிவர். கிடங்குகளில் லாரியிலிருந்து பெட்டிகளை இறக்கச் சக்கரம் பூண்ட சாய்மேடைகளைப் பயன்படுத்துகின்றனர். 200 கிலோகிராம் பெட்டி ஒன்றை 30 பாகைச் சரிவுள்ள வழுவழுப்பான மேடையில் இறக்கும்போது, மேடையை நகரவொட்டாமல் நிறுத்தத் தேவையான கிடைவிசை ஏறத்தாழ 850 நியூட்டன். அஃதாவது 87 கிலோகிராம் எடைக்கு ஒப்பானது. அவ்விசை எத்திசையில்? பெட்டி லாரியை விட்டு வெளியே சரிவதால் மேடையும் வெளிப்புறம் ஓடும் என்று எண்ணி, சக்கரத்திற்கு வெளிப்புறம் கட்டை கொடுத்துவிட்டு அமைதி கொள்வது எளிது. மேடை ஓடுவதோ உட்புறம், லாரியை நோக்கி. இடையில் ஒரு சாண் இடைவெளி இருந்து அதில் ஒருவர் கால் வைத்திருந்தால் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. உராய்வு உண்டே என்று ஒருவர் கூறலாம். உராய்வு இவ்விசையின் அளவைக் குறைக்கும்; ஆனால் பெட்டி தானாக விரைந்து சரியும் அளவுக்குச் சரிவு இருக்கும்வரை திசையை மாற்றாது. ஆகவே மேடை லாரியோடு ஒட்டி நிற்க வேண்டும். சக்கரத்தின் இருபுறமும் கட்டை வேண்டும். லாரியின் தடையும் போடப்பட்டிருக்க வேண்டும். நிலைத்த ஆப்பை மட்டும் கற்றவருக்கு இதில் முதலாவது கேள்வியே எழாது; அவருடைய ஆப்பு என்றும் நகர்ந்ததில்லை.

பள்ளியில் இதனைக் காட்டப் பெரிய செலவு இல்லை. மரத்தாலோ தடித்த அட்டையாலோ செய்த இலேசான ஆப்பு ஒன்றை, மேசையின் குறுக்கே இணையாக அடுக்கிய நான்கைந்து உருண்டைப் பென்சில்களின் மேல் வைக்க வேண்டும். கட்டைக்குப் பதிலாக, எளிதில் உருளும் சக்கரங்களையுடைய கனமான பொம்மை வண்டியைச் சரிவின் உச்சியில் விடலாம். வண்டி ஆப்பைவிடக் கனமாக இருப்பது நலம். வண்டி முன்னே இறங்க ஆப்பு பின்னே ஓடுவதை வகுப்பு முழுவதும் காணும். மேசையில் சுண்ணக்கட்டியால் தொடக்கநிலையைக் குறித்துக்கொண்டால், வண்டி ஆப்பின் விளிம்பை அடையும்போது அது மேசையின்மேல் எத்துணைக் குறைவாக முன்னேறியிருக்கிறது என்பதும் தெரியும். அளவுகள் கணக்கோடு துல்லியமாக ஒத்துவர மாட்டா. பென்சில்களும் உருள்கின்றன, சக்கரங்களும் உருள்கின்றன. ஒத்துவராமைக்குக் காரணம் கேட்பதையே அடுத்த பாடமாக வைத்துக்கொள்ளலாம்.

தேர்வுத்தாள் அமைப்போர்க்கும் இதிற் பங்கு உண்டு. கட்டையின் மீதுள்ள விசை யாது என்று கேட்டால் கொசைனே விடையாக வரும். அதே ஆப்பைக் காட்டி, அதனை நகராமல் நிறுத்த எவ்வளவு கிடைவிசை வேண்டும் என்று கேட்டால், மாணவர் ஆப்பின்மீது தாக்கும் விசைகளையும் வரைந்தாக வேண்டும். நம் எடுத்துக்காட்டில் விடை 17 நியூட்டன். ஆப்பும் கட்டையும் ஒரு தராசுத் தட்டின்மேல் இருப்பதாகக் கொண்டு, கட்டை சரியும்போது தராசு என்ன காட்டும் என்றும் கேட்கலாம். கட்டையை நூலால் ஆப்போடு கட்டியிருக்கும்போது 7 கிலோகிராம். நூலை அறுத்து, ஆப்பைத் தட்டோடு பொருத்தி வைத்தால் 6 கிலோகிராம். தட்டு வழுவழுப்பாக இருந்து ஆப்பும் நகர்ந்தால் 5.25 கிலோகிராம். கட்டை சரியும்போது முள் இவ்வெண்களில் நின்று காட்ட ஏறத்தாழ அரை வினாடி நேரமே கிடைக்கும். அது கீழ்நோக்கித் துள்ளுவதை மட்டுமே கண்ணால் காணலாம்.